உங்கள் தெருவுக்கு மெம்பர் யார்?

குட்டி வாசகர்களே, 2021 அக்டோபர் மாதம் ஒரு செய்தி நாடு முழுவதும் சுற்றி வந்தது. கோவை மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினர் பதவிக்கு இடைத்தேர்தல் நடந்தது. வாக்குச்சீட்டுகளை எண்ணி முடித்தார்கள். போட்டியிட்டவர்களில் ஒருவருக்கு எத்தனை ஓட்டு கிடைத்தது தெரியுமா? ஒன்று. ஒரே ஒன்று!

அவ்வளவுதான், ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் கேலி ஆரம்பித்துவிட்டது. "வீட்டில் இருப்பவர்கள்கூட ஓட்டுப் போடவில்லையா?" என்று ஊரே சிரித்தது. அந்த வேட்பாளர் சொன்ன பதிலைக் கேட்கத்தான் அவ்வளவாக ஆள் இல்லை. "எனக்கும் என் குடும்பத்தாருக்கும் ஓட்டு இந்த வார்டில் இல்லை, வேறு வார்டில் இருக்கிறது" என்றார் அவர். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் எங்கேயாவது பெயர் இருந்தால் போதும், வேறு வார்டிலும் நிற்கலாம். ஆனால் உங்கள் ஓட்டை உங்களுக்கே போட்டுக்கொள்ள முடியாது. அப்படியானால் அந்த ஒற்றை ஓட்டைப் போட்டது யார்? ரகசிய வாக்கெடுப்பு ஆயிற்றே, அது யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது!

பெரியவர்கள் சட்டசபைத் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல் என்றால் மணிக்கணக்கில் பேசுவார்கள். இந்த வார்டு மெம்பர் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் "அதெல்லாம் சின்ன விஷயம்" என்பார்கள். இன்று அந்தச் 'சின்ன விஷய'த்தைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்கப் போகிறோம்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஊராட்சியும் பல வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சின்ன ஊராட்சி என்றால் ஆறு வார்டு, பெரியது என்றால் பதினைந்து வார்டு வரை இருக்கும். வார்டுக்கு ஒரு மெம்பர். மாநிலம் முழுவதும் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் மெம்பர்கள்! நம் சட்டசபையில் இருப்பவர்கள் 234 பேர்தான். எம்.எல்.ஏ.வின் தொகுதியில் லட்சக்கணக்கான ஓட்டு. மெம்பரின் தொகுதியோ நாலு தெரு. காலையில் பால் வாங்கப் போகும்போதே அவரைப் பார்த்துவிடலாம்.

அந்த நாலு தெருவில் என்ன வேலை இருக்கிறது? குழாயில் தண்ணீர் வர வேண்டும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவ வேண்டும். தெருவிளக்கு எரிய வேண்டும். சாக்கடை அடைத்துக்கொள்ளாமல் ஓட வேண்டும். மயானத்துக்குப் பாதை வேண்டும். இவை எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. எந்தத் தெருவுக்கு முதலில், எவ்வளவு செலவில் என்பதை ஊராட்சி மன்றக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு முடிவு செய்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கை தூக்குபவர்தான் மெம்பர். அவருக்குச் சம்பளம் கிடையாது. கூட்டத்துக்கு வந்தால் சின்னதாக ஒரு படி, அவ்வளவே. ஆனால் மெம்பர்களில் ஒருவரைத்தான் மற்ற மெம்பர்கள் சேர்ந்து துணைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, துணைத் தலைவரும் போட வேண்டும். இதனாலேயே பல ஊர்களில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டு, பல்பு வாங்கக்கூடப் பணம் எடுக்க முடியாமல் போனதும் உண்டு!

சரி, இந்தப் பதவிக்கு எப்படி நிற்பது? உங்கள் அத்தை நிற்கிறார் என்று கற்பனை செய்துகொள்வோம். உங்கள் தெருக் குழாயில் மூன்று மாதமாகத் தண்ணீர் சரியாக வரவில்லை. அத்தை தினமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகிறார். போகும்போதும் வரும்போதும் மெம்பரைத் திட்டுகிறார். ஒருநாள் நீங்கள், "ஏன் அத்தை, நீங்களே நில்லுங்களேன்!" என்று வாயை விட்டுவிடுகிறீர்கள். அத்தைக்கும் ரோஷம் வந்துவிடுகிறது.

முதலில் வயது. 21 முடிந்திருக்க வேண்டும். அத்தைக்கு நாற்பது, கவலையில்லை. அடுத்து, உங்கள் வார்டு யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு முன்பு மூன்றில் ஒரு பங்குதான். மக்கள்தொகைக்கு ஏற்றபடி பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இடங்கள் உண்டு. பெண்களுக்கான வார்டில் ஆண்கள் நிற்க முடியாது. ஆனால் பொது வார்டில் பெண்கள் தாராளமாக நிற்கலாம். இது பல அத்தைகளுக்குத் தெரியாது, சொல்லி வையுங்கள்.

பிறகு வேட்புமனு. அதே வார்டைச் சேர்ந்த வாக்காளர் ஒருவர் அத்தையை முன்மொழிய வேண்டும். பக்கத்து வீட்டு மாமா சரி என்கிறார். டெபாசிட் கட்ட வேண்டும். 2019 தேர்தலில் வார்டு மெம்பருக்கு டெபாசிட் 200 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 100 ரூபாய். சொத்து எவ்வளவு, வழக்கு ஏதும் உண்டா என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மனுவைப் பரிசீலனை செய்வார்கள். வாபஸ் வாங்க ஒரு கடைசி நாள் உண்டு. அந்த நாளைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

வாபஸ் முடிந்தால் சின்னம். இங்கேதான் ஒரு வேடிக்கை. மெம்பர் தேர்தலிலும் ஊராட்சித் தலைவர் தேர்தலிலும் கட்சிச் சின்னமே கிடையாது! பூட்டு சாவி, ஆட்டோ என்று பொதுவான சின்னங்களில் ஒன்றைத்தான் கொடுப்பார்கள். கட்சிக்காரர்கள் பின்னால் நின்று வேலை செய்வார்கள், அது ஊருக்கே தெரியும். என்றாலும் சீட்டில் கட்சி இருக்காது. எதற்காக இப்படி? ஒரே தெருவில் வாழ்பவர்கள் கட்சிக்காகச் சண்டை போட வேண்டாம், ஆளைப் பார்த்து ஓட்டுப் போடட்டும் என்றுதான்.

ஓட்டு எந்திரமும் கிடையாது, பழைய மாதிரி வாக்குச்சீட்டுதான். ஒருவருக்கு நாலு ஓட்டு. மெம்பருக்கு வெள்ளை அல்லது நீலச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, யூனியன் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். கடைசி இரண்டில்தான் கட்சிச் சின்னம் வரும். நாலு நிறச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கி எண்ண வேண்டுமே, அதனால்தான் எண்ணிக்கை ராத்திரியைத் தாண்டி மறுநாள் வரைகூடப் போகிறது.

இப்போது அத்தை வீடு வீடாகப் போகிறார். வார்டில் 300 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். 240 பேர் வந்து ஓட்டுப் போடுகிறார்கள். நிற்பவர்கள் மூன்று பேர். அத்தைக்கு 82, இன்னொருவருக்கு 80, மூன்றாமவருக்கு 78. அத்தை ஜெயித்துவிட்டார்! நடுவில் இருந்த வித்தியாசம் இரண்டே ஓட்டு. ஒரு தாத்தாவும் பாட்டியும் "போகாவிட்டால் என்ன?" என்று வீட்டில் படுத்திருந்தால் 80-க்கு 80. சமமாக வந்தால் என்ன செய்வார்கள்? சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான். 2020 ஜனவரியில் எண்ணியபோதும் சில ஊர்களில் குலுக்கல் நடந்தது.

செலவுக்கும் ஒரு கணக்கு உண்டு. 2019-ல் மெம்பர் வேட்பாளர் 9,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் தேர்தல் முடிந்ததும் கணக்கு கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குப் போட்டியிட முடியாதபடி தடை வரும்.

இந்தக் 'கணக்கு' சமாச்சாரம் நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆமாம், உங்களைப் போன்ற ஒரு சிறுவன்! முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களின் பெயர் அந்தக் குடத்துக்குள்ளேயே போகாது. அவர்களின் நெருங்கிய உறவினர்களின் பெயரும் போகாது. கேட்கவே ஜோராக இருக்கிறது. ஆனால் பாடத்தில் வேகமாகக் கடந்துவிடும் ஒரு விஷயமும் அதில் இருக்கிறது. அது பிராமணர்களின் சபை. சொந்த நிலமும் சொந்த வீடும் வேதம் படித்த படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும்தான் இடம். நம் அத்தையின் பெயர் அந்தக் குடத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்காது. வயல்களில் உழுதவர்களின் பெயரும்தான்.

அத்தையின் பெயர் சீட்டில் வந்தது மிகவும் சமீபத்தில்தான். அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை கட்டாயம் ஊராட்சித் தேர்தல், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் கட்டாயம் இடம் என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் அந்த முறைப்படி முதல் தேர்தல் 1996-ல் நடந்தது.

சட்டம் சொன்னால் மட்டும் போதுமா? மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் என்று நாலு ஊராட்சிகள். 1996-ல் இவற்றின் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. ஊரில் பலமானவர்களுக்கு அது பிடிக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? யாரையும் நிற்க விடவில்லை! அப்படியே யாராவது நின்று ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். பத்து ஆண்டுகள் இப்படியே போயின. 2006 அக்டோபரில்தான் நாலு ஊர்களிலும் ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் வந்தார்கள். மதுரை மாவட்டம் மேலவளவில் இதைவிடக் கொடுமை. எதிர்ப்பையும் மீறி நின்று ஜெயித்த தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார்கள். ஒரு நாற்காலியில் உட்கார நினைத்ததுதான் அவர் செய்த 'குற்றம்'.

நாற்காலி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் வெளியானது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் கூட்டம். மற்றவர்கள் நாற்காலிகளில் இருக்க, பட்டியல் இனத்தைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். படம் வந்த பிறகுதான் வழக்குப் பதிவானது. ஓட்டில் ஜெயித்தவருக்கு நாற்காலி தானாகக் கிடைத்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். எல்லா ஊரிலும் அப்படி இல்லை. சில ஊர்களில் தலைவி வீட்டில் இருப்பார், அவருடைய கணவர் அலுவலக நாற்காலியில் இருப்பார். "பிரசிடெண்ட் வீட்டுக்காரர்" என்று ஊரே அவருக்கு வணக்கம் வைக்கும். உங்கள் ஊரில் அப்படி யாராவது இருக்கிறாரா?

வாபஸ் நாளை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த தேர்தலில் 76 ஆயிரத்துக்கும் அதிகமான மெம்பர் பதவிகள் இருந்தன. வாபஸ் முடிந்தபோது ஏறக்குறைய 18 ஆயிரம் பேர் போட்டியே இல்லாமல் ஜெயித்திருந்தார்கள். பெரும்பாலும் வார்டு மெம்பர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட நாலு வார்டுக்கு ஒரு வார்டில் ஓட்டே போடவில்லை!

இது நல்லதா, கெட்டதா? "ஊர் ஒற்றுமையாக ஒருவரைச் சொல்லிவிட்டது, எதற்கு வீண் சண்டை, வீண் செலவு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நல்ல மனிதர், எல்லோருக்கும் பிடித்தவர் என்றால் சரிதான். அப்படியும் ஊர்கள் உண்டு. வேறு விதமாகவும் நடக்கிறது. 2019-ல் சில ஊர்களில் பதவியை ஏலம் விட்டதாகச் செய்திகள் வந்தன. கோயில் திருப்பணிக்கு இவ்வளவு லட்சம் தருகிறேன் என்று யார் அதிகம் சொல்கிறாரோ அவருக்குப் பதவி, மற்றவர்கள் வாபஸ் வாங்க வேண்டும். இது சட்டப்படி குற்றம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தது. நம் அத்தையிடம் இருப்பது 200 ரூபாயும் ஒரு குடமும். ஏலத்தில் அவர் எப்படிக் கை தூக்குவார்?

என்னைக் கேட்டால், எதிரில் ஒருவர் நிற்பதே பாதி லாபம். அவர் தோற்றாலும் பரவாயில்லை. எதிரில் ஆள் இருந்தால்தான் மற்றவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "குழாயை நான் சரிசெய்து தருகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்வார். சொன்னால்தானே பிறகு கேட்க முடியும்? போட்டியில்லாமல் வந்தவரும் ஏலத்தில் எடுத்தவரும் உங்களிடம் எதையும் சொல்லவே இல்லை. அந்தக் கோவை வேட்பாளரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தோன்றாததற்கும் இதுதான் காரணம்.

நிற்க ஆள் இருந்தும் தேர்தலே இல்லாமல் போனால்? அதுவும் நடந்திருக்கிறது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல், இட ஒதுக்கீடு சரியாக இல்லை என்ற வழக்கில் உயர்நீதிமன்றத்தால் ரத்தானது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் மெம்பரும் இல்லை, தலைவரும் இல்லை. 'தனி அலுவலர்' என்று அரசு அதிகாரிகள் பார்த்துக்கொண்டார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்கும், 2021 அக்டோபரில் மீதி 9 மாவட்டங்களுக்கும் தேர்தல் நடந்தது. அந்த 27 மாவட்டங்கள், மயிலாடுதுறை தனியாகப் பிரிந்ததால் 28 ஆயின. 28-ம் 9-ம் சேர்ந்தால் 37, கூடச் சென்னை, மொத்தம் 38. சென்னையில் கிராம ஊராட்சி கிடையாது.

அந்த 28 மாவட்டங்களின் மெம்பர்களுக்கும் தலைவர்களுக்கும் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு ஐந்து ஆண்டு முடிந்தது. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். நடக்கவில்லை. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

"அதிகாரி இருக்கிறாரே, அப்புறம் என்ன?" என்று தோன்றலாம். அதிகாரி நல்லவராகவே இருக்கட்டும். அவர் பார்க்க வேண்டிய ஊராட்சிகள் நிறைய. உங்கள் தெரு எது என்று அவருக்குத் தெரியாது. குடத்தோடு நிற்கும் அத்தை அவரைப் பிடிக்க யூனியன் ஆபீசுக்குப் பஸ் ஏற வேண்டும். மெம்பர் என்றால் வாசலில் நின்று ஒரு சத்தம் போட்டால் போதும்! முக்கியமாக, அதிகாரி அடுத்த முறை அத்தையிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டியதில்லை.

வயது ஒரு தடையா என்றால், இல்லவே இல்லை. 2020 ஜனவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் ஊராட்சித் தலைவர் ஆனார். அதே நேரத்தில் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் எழுபதைக் கடந்த வீரம்மாள் பாட்டி தலைவர் ஆனார். அந்த அரிட்டாபட்டிப் பகுதியில்தான் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று 2024 நவம்பரில் செய்தி வந்தது. சுற்று வட்டார ஊர்கள் கிராம சபையைக் கூட்டி, வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டசபையும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்தச் சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. 2021-ல் திருநெல்வேலி மாவட்டம் சிவந்திப்பட்டியில் தலைவராக ஜெயித்தவருக்கு வயது 90!

உங்களுக்கு 21 ஆக இன்னும் காலம் இருக்கிறது. ஓட்டுப் போடவே 18 ஆக வேண்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை கூடும். ஊராட்சியின் வரவு செலவை அங்கே வாசித்தாக வேண்டும். கை தூக்க உங்களுக்கு உரிமை இல்லை, ஆனால் தாத்தா பாட்டியோடு போய் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். அப்படியே ஊராட்சி அலுவலகச் சுவரையும் ஒரு கண் பாருங்கள். தலைவர், மெம்பர்கள் பெயர் எழுதிய பலகை இருக்கும். உங்கள் வார்டுக்கு நேராக என்ன பெயர் இருக்கிறது, அவருடைய பதவிக்காலம் எப்போது முடிகிறது, அல்லது எப்போதோ முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, வீட்டில் அத்தையிடம் வந்து சொல்லுங்கள்.